தொடக்க அழுத்தம்

மூலக்கடை மேம்பாலத்துக்குப் பக்கத்தில்
இருபத்தாறு வருஷமாகக் காற்று விற்கிறேன்.
பைக்குக்கு முன்னால் இருபத்தைந்து, பின்னால் முப்பத்திரண்டு.
ஆட்டோக்காரர்கள் எண் சொல்வதில்லை,
கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து
"இன்னும் கொஞ்சம் வைண்ணா" என்பார்கள்.

காற்றுக்கு நான் காசு கொடுக்கும் நாளும் வந்தது:
மாதம் மூவாயிரத்து நூறு, பதினெட்டுத் தவணை.

ஓர் இரவு முழுக்க
உடம்பெங்கும் ஒயர் ஒட்டிப் படுக்கவைத்து
மணிக்கு நாற்பத்தொரு தடவை
மூச்சு நின்றுபோகிறது என்று அச்சடித்துக் கொடுத்தார்கள்.
பிலோமினா அந்தத் தாளை மடித்து
ரேஷன் கார்டோடு வைத்தாள்.

மெஷின் கொண்டுவந்த பையன் நௌஷாத்
முகமூடியை மாட்டிக் காட்டினான்.
"நாலில் ஆரம்பிக்கும் அங்கிள்,
முக்கால் மணி நேரத்தில் மெதுவா பத்துக்குப் போகும்,
சொகுசா இருக்கும்."

சொகுசு.
நாலு என்பது
ஈரத்துணி வழியாக இழுக்கும் மூச்சு.
ஷட்டரை யாரோ வெளியிலிருந்து இறக்கிவிட்ட மாதிரி.
பதினொன்றரைக்குக் கழற்றினேன்,
பன்னிரண்டே காலுக்கு மாட்டினேன்,
இரண்டு மணிக்கு அது தலையணைக்கு அடியில்
தனியாக ஊதிக்கொண்டிருந்ததாம்.
நான்கு நாள் இப்படி.

ஐந்தாம் நாள் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண்.
"வண்டி இழுக்கவே மாட்டேங்குது, இன்ஜின்ல ஏதோ..."
டயரை அமுக்கினேன்.
இன்ஜின் இல்லம்மா, காத்து கம்மி.
சொல்லிவிட்டு
கையிலிருந்த குழாயைப் பார்த்தபடி நின்றேன்.
அவள் இரண்டு முறை கூப்பிட்டாளாம்.

"தம்பி, எனக்கு அதிகமில்ல, கம்மி."
போனில் நௌஷாத் சிரித்தான்.
எல்லாரும் குறைக்கத்தான் சொல்வார்களாம்.
டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு
மறுநாள் எந்தப் பட்டன் என்று சொன்னான்.
நாலு. நாலரை. ஐந்து.
ஆறில் நெஞ்சு விரிந்தது.
முக்கால் மணியை இருபது நிமிஷமாக்கினேன்.
மூச்சை வெளியே விடும்போது மட்டும்
காற்று கொஞ்சம் ஒதுங்கட்டும் என்று
இன்னொரு பட்டனை இரண்டில் வைத்தேன்.
எங்கள் சந்தில் எதிரே வண்டி வந்தால்
ஓரம் கட்டுவோமே, அப்படி.

ஈரத்துக்கும் ஒரு எண் இருந்தது.
மெட்ராஸ் காற்றுக்கு எதற்கு?
ஒன்றுக்கு இறக்கும் வரை
குழாய்க்குள் சேர்ந்த தண்ணீர்
மூக்கில் சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

கடைசியாக, இடது கண்ணுக்குக் கீழே ஒரு சீறல்.
தொட்டித் தண்ணீரில் ட்யூபை அமுக்கிக்
குமிழி தேடுகிற கை இது.
விரலை நாக்கில் நனைத்து
முகமூடியின் ஓரமாக ஓட்டினேன்.
ஜில்லென்ற இடத்தில் நிறுத்தினேன்.
இருட்டில், கண்ணாடி இல்லாமல்.
பட்டையை இறுக்கினால் இன்னும் சீறியது,
தளர்த்தினால் அடங்கியது.
இது மட்டும் எங்கள் தொழிலுக்கு நேர் மாறு,
இன்னும் எனக்குப் புரியவில்லை.

இப்போது பத்தரைக்குப் படுக்கிறேன்.
சின்னத் திரையில் எண் எரிகிறது.
ஆறு.
ஆறு புள்ளி இரண்டு.
மேம்பாலத்தில் மணல் லாரி இறங்குகிற அதிர்வு.
நாளைக்கு கேஸ் வரும், சில்லறை வேண்டும் என்கிறாள் பிலோமினா.
முகமூடிக்குள்ளிருந்து பேச முடியாது,
கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறேன்.
ஆறு புள்ளி ஒன்பது.
பத்து வருவதை ஒருமுறையாவது
கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று
தினமும் விழித்துக் கிடக்கிறேன்.
ஏழு புள்ளி மூன்று.

ஏழரை என்றால் ஊரே பயப்படுகிறது.
எனக்கு அங்கேதான்
கண் சொருகுகிறது.